பதினெட்டு வெள்ளி

ஜமால் முகம்மது கடைக்கு நான் தரவேண்டிய பாக்கி பதினெட்டு வெள்ளி. சைக்கிள் விலை எண்பது, என் கையில் இருந்தது அறுபத்திரண்டு, மீதி பதினெட்டு. இந்தக் கணக்கில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. நான் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும்வரை இல்லை.

சைக்கிள் வாங்க வேண்டி வந்தது என் வாயால். மார்சிலிங்கில் ஐந்து அடுக்குமாடி புளோக்குகளைக் கூட்டிக் கழுவுகிற வேலை எனக்கு. காலை ஆறுக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்கு முடியும். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஜனவரியில் சூப்பர்வைசர் சுரேந்தர் எங்கள் ஏழு பேரையும் கீழ்த்தளத்தில் நிற்க வைத்து, புளோக் வேலை வேறு கம்பெனிக்குப் போகிறது என்றார். மே மாதம் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமையிலிருந்து எங்களுக்கு சுங்கை காடுட்டில் மீ என்கிற நூடுல்ஸ் செய்யும் தொழிற்சாலை. காலை ஐந்து மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, கம்பெனி வேனும் வராது. சைக்கிள் வைத்திருப்பவர்கள் வரலாம், இல்லாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வயதில் எந்த இடம் எனக்காகக் காத்திருக்கப்போகிறது என்று நினைத்தேன். கை தானாக மேலே போய்விட்டது. நன்றாக ஓட்டுவீர்களா என்று கேட்டார். ரொம்ப காலமாக ஓட்டுகிறேன் என்றேன்.

அன்றுவரை நான் சைக்கிளின் பின்னால்கூட உட்கார்ந்ததில்லை.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜமால் முகம்மதுவின் பழைய சைக்கிள் கடை. தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுத்தொடை தொங்குகிற மாதிரி கூரையிலிருந்து சைக்கிள்கள் தொங்கின. ஜமால் பாய் ஒரு செயினைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே விலை கூடிய வண்டியிடம் கூட்டிப் போனார். இருபத்தொரு கியர், நூற்றைம்பது வெள்ளி. இத்தனை கியர் எதற்கு என்றேன்.

"மேடு ஏறணும்னா வேணும்லா. புக்கிட் பாத்தோக் பக்கம் போனா என்னக்கா செய்வீங்க?"

"நான் எதுக்கு பாய் அங்க போறேன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். அது பந்தய சைக்கிள். கைப்பிடி கிடாக்கொம்பு மாதிரி வளைந்திருந்தது. அதைப் பிடித்தால் குனிந்துகொண்டேதான் போக வேண்டும். நான் காலமெல்லாம் விளக்குமாற்றோடு குனிந்தவள். குனிவதற்குக் காசு வாங்கித்தான் பழக்கம், கொடுத்துப் பழக்கமில்லை.

மூலையில் ஒரு சாக்குமூட்டைக்கு அடியில் சின்னதாய் ஒரு சிவப்பு சைக்கிள் இருந்தது. மடக்குகிற சைக்கிள். சக்கரம் ரொட்டிக் கடைக் கல்லைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எண்பது வெள்ளிக்குத் தரலாம், ஆனால் டீ வாங்கிவர அதைத்தான் வைத்திருக்கிறேன் என்றார் பாய். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

நான் பார்த்தது அதற்குப் பக்கத்தில் நின்ற கறுப்பு சைக்கிளை. உயரமானது. முன்னால் கூடை, அருமையான மணி. அடித்தால் கோயில் வரைக்கும் கேட்கும். பப்பாளியை அமுக்குவதுபோல டயரை அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. இருக்கையைத் தட்டினேன். தூக்கிப் பார்த்தேன், தூக்க முடியவில்லை. கனமான சாமான் நல்ல சாமான் என்பது என் எண்ணம், பித்தளைச் சட்டி வாங்கும்போது அது சரியாகவும் இருந்திருக்கிறது. ஏறி மட்டும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எனக்கு ஓட்டத் தெரியாது என்பது பாய்க்குத் தெரிந்துவிடும். சுரேந்தரிடம் சொன்ன பொய் என் கூடவே ரயிலேறி வந்திருந்தது.

அதுவும் எண்பதுதான். முன்விளக்கும் பின்விளக்கும் இனாமாகக் கேட்டு வாங்கினேன். அறுபத்திரண்டை எண்ணிக் கொடுத்தேன். பாக்கியைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் அவர் கேட்கவில்லை. ஒரு தாள் கொடுங்கள், எழுதித் தருகிறேன் என்று சொன்னது நான்.

எனக்கு எழுத்து வந்தது ஐம்பத்திரண்டு வயதில். ஜொகூர் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த நாளைவிடப் பால்மரத்தடியில் நின்ற நாள்தான் அதிகம். கோயிலில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று ஆரம்பித்தபோது போய்ச் சேர்ந்து, மூன்று வருடம் விடாமல் போனேன். அதற்குப் பிறகு கிடைத்ததில் எல்லாம் எழுதினேன். மிளகாய்த்தூள் டப்பாவில் மிளகாய்த்தூள் என்று எழுதினேன். கழிவறைக் கதவில் கழிவறை என்று எழுதினேன். ஆனால் நான் எழுதியது எவருக்கும் தேவைப்பட்டதில்லை. இப்போது ஒரு கடைக்காரருக்கு, காசு விஷயத்தில், என் எழுத்து உதவப்போகிறது. பத்து நிமிடம் எடுத்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜமால் பாய் தாளை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு "கரெக்ட்" என்று சொல்லி மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

பிப்ரவரியின் முதல் சம்பளம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதிலிருந்து ஒரு பத்து வெள்ளித் தாள், ஒரு ஐந்து வெள்ளித் தாள், மூன்று ஒரு வெள்ளிக் காசுகள். ஓர் உறையில் போட்டுக்கொண்டு வேலை முடிந்த கையோடு கடைக்குப் போனேன். பாய் தொப்பி போட்டுத் தொழுகைக்குக் கிளம்பி நின்றார். மேசைக்குப் பின்னால் ஓர் அம்மா, கையில் அடுக்குச் சோற்றுப் பாத்திரம், இன்னொரு கையில் என் தாள். பாயின் மனைவி சாயிரா பானு. நீங்கள்தான் அந்தோனியம்மாளா என்று கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினஞ்சு வருஷமா இவர் வெள்ளிக்கிழமை மதியம் கடையைப் பூட்டிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போறார். எனக்கும் அந்த நேரம் பாசிர் ரிஸ்ல மாமிக்குச் சோறு கொண்டுபோகணும். ஒரு ஆளை வைங்க, ஒரு ஆளை வைங்கன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் போச்சு. பாருங்க, எனக்கே தெரியாம ஏற்பாடு பண்ணி, எழுதியும் வாங்கி வச்சிருக்கார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தாளை என் பக்கம் திருப்பி, விரல் வைத்துப் படித்தார்.

"அந்தோனியம்மாளாகிய நான் பதினெட்டு வெள்ளி ஜமால் கடைக்கு வருவேன்."

வருவேன். நானும் பார்த்தேன். என் கையெழுத்துதான். தருவேன் என்று எழுத உட்கார்ந்தவள், வெள்ளி என்று எழுதிய கை வேகத்தில் அடுத்த சொல்லுக்கும் வ போட்டிருக்கிறேன். காசையும் இங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறோம், கிழமையையும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். என் வாழ்நாளில் ஒரு தடவைகூட இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதில்லை. த போட்டிருந்தால் அது காசு. வ போட்டதும் கிழமை ஆகிவிட்டது.

உறையை நீட்டப் போனேன். அப்போதுதான் அந்த அம்மா அதைச் சொன்னார்.

"கையெழுத்து மணிமணியா இருக்குக்கா. நான் நாகப்பட்டினத்துல ஆறு வருஷம் தமிழ் டீச்சரா இருந்தவ. ஒரு பிழை இல்லாம இப்படி எழுதுற ஆளை இந்த ஊர்ல நான் பார்த்ததே இல்ல."

ஒரு பிழை இல்லாமல். உறை என் பைக்குள் திரும்பிப் போய்விட்டது.

ஜமால் பாயைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். என்னை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னார்.

"அக்கா, இப்ப ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவ என்னை நல்லபடியா ஒரு வார்த்தை சொன்னது இதுதான் மொத தடவை."

"என் வண்டி?"

"பாக்கி முடிஞ்சதும் எடுத்துக்கலாம்லா."

"பாக்கி காசா பாய், கிழமையா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று சொல்லி விறுவிறு என்று நடந்துவிட்டார். டீச்சரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முன்பின் தெரியாத ஒரு சைக்கிள் கடையில், சைக்கிள் தெரியாத நான் தனியாக நின்றேன்.

ரயிலில் திரும்பும்போது விரல் விட்டு எண்ணினேன். பதினெட்டு வெள்ளிக்கிழமை முடிவது ஜூன் ஐந்து. தொழிற்சாலை மே பதினொன்று. அதற்குள் எண்ணினால் பதினாலுதான் வந்தது. நல்ல நேரம் பார்த்து டீச்சரிடம் அந்த ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு, காசைக் கொடுத்து, வண்டியை எடுத்துவிட வேண்டும். இதுதான் திட்டம். ஒவ்வொரு வெள்ளியும் உறையோடு போனேன். ஒவ்வொரு வெள்ளியும் டீச்சர் எழுதுவதற்கு எனக்கு ஏதாவது வைத்திருந்தார். எல்லா வண்டிக்கும் விலைச்சீட்டு எழுதச் சொன்னார். கறுப்பு சைக்கிளில் "அந்தோனியம்மாளுக்கு உரியது" என்று நானே எழுதித் தொங்கவிட்டேன். அதைப் படித்துவிட்டு, ர-வும் ற-வும் உங்களிடம் மாறவே மாட்டேன் என்கிறதே என்றார். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? ரயிலுக்குப் போகவர நாலு வெள்ளி கிட்டத்தட்ட. ஐந்தாவது வாரத்திலேயே பாக்கியைவிடப் பயணச்செலவு கூடிவிட்டது.

கடையில் நாற்காலி கிடையாது. பாய் நின்றுகொண்டே வியாபாரம் செய்கிறவர். ஐந்து புளோக் கூட்டிவிட்டு வருகிற முழங்காலுக்கு அது ஒத்துவராது. முதல் வெள்ளியே மூலையில் இருந்த சாக்குமூட்டையை இறக்கிவிட்டு, அந்தச் சிவப்பு சைக்கிளின் இருக்கையைக் கடைசி வரைக்கும் தாழ்த்தி, அதில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. முதுகைச் சுவரில் சாய்த்தேன். கண் சொக்கியது.

விழித்தபோது எதிரே ஒரு சீனர் நின்றுகொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று காத்திருந்தாராம். எந்த வண்டி நல்லது என்று மலாயில் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்து பாருங்கள், கால் எட்டி, தூக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நாலு வண்டியில் உட்கார்ந்தார். நாலாவதில் கண்ணை மூடினார். காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வண்டி எட்டு மாதமாக விற்காமல் கிடந்தது என்று பாய் பிறகு சொன்னார்.

இந்தச் சங்கதி எப்படியோ வெளியே போய்விட்டது. நாற்பது ஐம்பது வயதில் முதல் தடவையாகச் சைக்கிள் வாங்குகிறவர்கள் இந்த ஊரில் இத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மதியத்தில் ஒவ்வொருவராக, மருந்துக் கடையில் சொல்லக் கூசும் வியாதிக்கு மருந்து கேட்க வருவதுபோல வந்தார்கள். மற்ற நாளில் வந்தால் பாய் புக்கிட் பாத்தோக் என்று ஆரம்பித்துவிடுவார். என்னிடம் அதெல்லாம் கிடையாது. உட்காரச் சொல்வேன். நடுக்கம்பி தாழ்வாக இருக்கிறதா, காலைத் தூக்கிப்போடாமல் உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்ப்பேன். பிரேக்கை விரலால் எட்டிப் பிடிக்க முடியாதவர்களை அடுத்த வண்டிக்கு அனுப்புவேன். லிஃப்ட் கெட்டுப்போனால் இரண்டு மாடி தூக்குவீர்களா என்று கேட்டுத் தூக்கிக் காட்டச் சொல்வேன். கனமான சாமானைப் பற்றிய என் எண்ணம் மூன்றாவது வாரமே மாறிவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் கறுப்பு சைக்கிளில் ஏறிப் பார்த்தேன். கால் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. வண்டியும் நானும் சேர்ந்து மணிகள் அடுக்கியிருந்த தட்டின்மேல் விழுந்தோம். அத்தனை மணியும் ஒன்றாக அடித்தன.

ஆக, நான் காத்திருப்பது எனக்கு ஆகாத வண்டிக்காக. மாற்றித் தாருங்கள் என்று கேட்கலாம். கேட்டால் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டும். பாக்கியைப் பற்றிப் பேசினால் அந்த வ வெளியே வரும்.

எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்று வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். எனக்கு ஓட்டவே தெரியாது என்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். சுரேந்தரிடம் பொய் சொன்னேன், உடனே நம்பினார். இவர்களிடம் உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

அந்த மாதம் டீச்சருக்கு நோன்பு, எனக்குத் தவக்காலம். பசியோடு ஒருத்தி சோறு சுமந்துகொண்டு பாசிர் ரிஸ் போவதும், பசியோடு ஒருத்தி கடையில் தூங்குவதுமாக நாள் போயிற்று. ஒன்பதாவது வெள்ளி பெரிய வெள்ளியாக அமைந்தது. இயேசுநாதர் பாடுபட்ட நாள். மூன்று மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டும். இரண்டரைக்குத் திரும்பிய டீச்சர் நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். என் வருகையை அவர் ஒரு நோட்டில் கோடு போட்டு வைப்பது வழக்கம். நோட்டை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பெரிய வெள்ளியையும் சாதா வெள்ளியையும் ஒரே மாதிரி எண்ணினால் அந்தப் பெரிய என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னிடமே கேட்டார். இரண்டு கோடு போட்டார். அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், பயந்ததும் அதுதான். சொல்லில் என்ன இருக்கிறதோ அதைவிட்டு ஒரு அங்குலம் நகர மாட்டார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க எனக்குச் சோம்பல். பம்ப் வேண்டும் என்றால் சிவப்பு சைக்கிளில் உட்கார்ந்தபடியே காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போய் எடுத்து வருவேன். பிறகு சந்து முனைக் கடைக்கு டீ வாங்கவும் அப்படியே போனேன். வாத்து நடப்பதுபோல இருக்கும். பதினொன்றாவது வெள்ளி, டீக்கடையிலிருந்து திரும்பும்போது இரண்டு தூண்களுக்கு இடையே என் இரண்டு கால்களும் அந்தரத்தில் இருந்தன. வண்டி விழவில்லை. தப்பு செய்தவள் மாதிரி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் காலை இறக்கினேன்.

மே முதல் தேதி, தொழிலாளர் தினம், வெள்ளிக்கிழமை. ஊருக்கே விடுமுறை, நான் கடையில். ரகுபதி என்று ஒருவர் வந்தார். வங்கியில் பெரிய வேலை, நல்ல உயரம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. முதல் சைக்கிள் என்றார். விலை நூற்றுக்கு மேலே கொஞ்சம் போனாலும் பரவாயில்லையாம். ஏழு வண்டியில் உட்கார வைத்தேன். எல்லாவற்றிலும் முழங்கால் கைப்பிடியில் இடித்தது. எட்டாவதாக, நான் சொல்லாமலே, கறுப்பு சைக்கிளில் போய் உட்கார்ந்தார். பாதம் தரையில் படிந்தது. தலையைத் தூணில் சாய்த்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

பாய் தொழுகை முடிந்து வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. விழித்ததும் சிறிது நேரம் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்த்தார். இரண்டு வருடமாக இப்படித் தூங்கியதில்லை, என்ன விலை சொன்னாலும் சரி, இந்த வண்டிதான் என்றார். அது என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வாரமாக அத்தனை பேருக்கும் ஒரே விதியைச் சொல்லிவிட்டு இவருக்கு மட்டும் எப்படி மாற்றுவது? என் பெயர்ச்சீட்டை நானே கழற்றினேன். பாய் நூற்றுப்பத்து வெள்ளியை இழுப்பறையில் போட்டுவிட்டு, ஜூன் ஐந்துக்குள் எனக்கு வேறொன்று பார்த்து வைப்பதாகச் சொன்னார்.

அடுத்த வெள்ளி மே எட்டு. காலையில் சுரேந்தர் போன் பண்ணினார். திங்கட்கிழமை நாலே முக்காலுக்கே வாசலில் நிற்க வேண்டும், ஐந்தைத் தாண்டினால் பெயரை எடுத்துவிடுவார்கள், ஆறு பேர் ஏற்கனவே நின்றுவிட்டார்கள், அக்கா ஒருவரைத்தான் நம்பியிருக்கிறேன் என்றார். வந்துவிடுகிறேன் என்றேன்.

அன்று இரண்டரைக்கு டீச்சரும் பாயும் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். டீச்சர் பதினாலாவது வெள்ளிக்குக் கோடு போட்டு முடித்ததும், இழுப்பறையைத் திறந்து என் தாளை நானே எடுத்தேன். உறையை மேசைமேல் வைத்தேன்.

"டீச்சர், இது வ இல்ல. த."

அவர் பேனாவை வாங்கி, வ-வை அடித்து, மேலே த எழுதினேன். த நன்றாகத்தான் வந்தது. டீச்சர் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். பதினெட்டு வெள்ளி ஜமால் கடைக்குத் தருவேன். நான் காத்திருந்தேன். பதினாலு வாரமாக நெஞ்சில் கிடந்தது இறங்கப்போகிறது.

"சரிதான்க்கா," என்றார். "பதினெட்டு வெள்ளிக்கிழமையைக் கடைக்குத் தருவேன்னு வருது. முன்ன இருந்ததைவிட இது இன்னும் நல்லா இருக்கு."

பின்னால் நின்ற ஜமால் பாய், காசு என்று அதில் போடவில்லையா என்று மெல்லக் கேட்டார். டீச்சர் திரும்பினார்.

"நீங்க படிச்சுப் பார்த்துத்தானே வாங்குனீங்க?"

பாய் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான் ஸ்கூல்ல மலாய்லா எடுத்தேன். தமிழ் படிக்கத் தெரியாது."

நான் முழுக் கதையையும் சொன்னேன். சைக்கிள் எண்பது, கொடுத்தது அறுபத்திரண்டு, பாக்கி காசுதான், கிழமை இல்லை. திங்கட்கிழமை வண்டி இல்லாவிட்டால் என் வேலை போய்விடும் என்பதையும் சொன்னேன். டீச்சரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே நாளில் அவருக்குப் புத்திசாலிப் புருஷனும் போயிற்று, பிழையில்லாத கையெழுத்தும் போயிற்று. ஆனாலும் அவர் டீச்சர். தாளை மேசைமேல் நீவி விட்டுக்கொண்டே, தாளில் சைக்கிள் என்ற சொல்லே இல்லையே, அறுபத்திரண்டும் இல்லையே என்றார். வாயால் சொல்வதை எல்லாம் கணக்கில் எடுத்தால் பிறகு எழுதி வாங்குவது எதற்கு?

எனக்குக் கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது. காலையிலிருந்து ஐந்து புளோக். களைத்தவளுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

"டீச்சர், தாள்ல கிழமைன்னும் இல்ல, காசுன்னும் இல்ல. வெறும் வெள்ளின்னுதானே இருக்கு?"

"ஆமா. வெறும் வெள்ளி."

"உங்க நோட்டுல எத்தனை வெள்ளி?"

அவர் கோடுகளை எண்ணினார். பதினாலு வெள்ளி. பெரிய வெள்ளிக்குக் கூடுதலாக ஒன்று. பதினைந்து.

நான் உறையைக் கவிழ்த்தேன். பத்து வெள்ளித் தாளையும் ஐந்து வெள்ளித் தாளையும் திரும்ப உள்ளே வைத்தேன். மூன்று காசுகளையும் நோட்டின்மேல், கோடுகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றாக வைத்தேன்.

"பதினாறு. பதினேழு. பதினெட்டு."

டீச்சர் குனிந்து தாளைப் படித்தார். நோட்டைப் பார்த்தார். காசுகளைப் பார்த்தார். மறுபடி தாளைப் படித்தார். சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் போய், கடைசிச் சொல்லில் நின்றார்.

"இலக்கணப்படி தப்பில்ல," என்றார்.

ஜமால் பாய் நீளமாக மூச்சு விட்டார். அப்படியானால் அக்காவுக்கு எண்பது வெள்ளி வண்டி ஒன்று தர வேண்டும், அந்த இருபத்தொரு கியரையே விலை குறைத்துத் தருகிறேன், நாளைக்கு ஒருவேளை புக்கிட் பாத்தோக் போக நேர்ந்தால் என்று ஆரம்பித்தார். நான் அதற்குள் மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பாதமும் தரையில்.

"அது நாங்க டீ வாங்குற வண்டிக்கா," என்றார்.

"விலைச்சீட்டுல எண்பதுன்னு எழுதியிருக்கு," என்றார் டீச்சர். "அவங்க கையெழுத்துதான்."

விளக்குகள் இரண்டையும் பாய் மாட்டிக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வாத்து மாதிரி தள்ளிக்கொண்டு வந்தேன். சந்தில் ஆள் இல்லை. காலைத் தூக்கி மிதியில் வைத்தேன். டீக்கடை வரைக்கும் போனேன். திரும்பும் இடத்தில் ஒரு காலை ஊன்றினேன், அவ்வளவுதான். ஓட்டத் தெரியாது என்று நான் சொன்னது அடக்கம்தான் என்று அவர்கள் இருவரும்கூட அன்று நினைத்திருப்பார்கள்.

கடை வாசலில் பிரேக் பிடித்து நின்றேன். ரசீது வேண்டும் என்றேன். டீச்சர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருடைய எழுத்து என்னுடையதைவிட அழகு என்று சொல்ல முடியாது. வண்டியில் உட்கார்ந்தபடியே ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். "பாக்கி பதினெட்டு வெள்ளியும் வந்துவிட்டது." வந்துவிட்டது என்பதில் இருந்த வ-வை மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன். அது வ-தான்.